தண்ணீர் போகும் இடம்

கடலோர அணுமின் நிலையம் ஒன்றைப் பார்த்து எழுதிவர என் நாளிதழ் என்னை அனுப்பியது. பெருமழையோ ஆழிப்பேரலையோ வந்தால் அங்கே என்ன ஏற்பாடு என்பதுதான் செய்தி. உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. அதைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஜப்பானில் ஓர் அணுமின் நிலையத்தில் ஆழிப்பேரலை தடுப்புச்சுவரைத் தாண்டி, தாழ்வாக இருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அதனால் இங்கே கூடுதல் ஜெனரேட்டரை மேட்டில் வைத்திருந்தார்கள்.

சுற்றிக் காட்டிய பொறியாளர் இரண்டு விஷயங்கள் சொன்னார். கருவியை உயரத்தில் வைக்க வேண்டும். மேடாக்கிய இடத்தில் நின்றிருக்கக்கூடிய தண்ணீர் இனி எங்கே போகும் என்று பார்த்து, அதற்கும் வழி செய்ய வேண்டும். நாளிதழ்ப் பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கடைசியிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். இரண்டாவது விஷயம் கடைசியில் இருந்தது. வெட்டியது நான்தான்.

அடுத்த கோடையில் சேக்காட்டில் என் வீட்டைச் சரிசெய்தேன். எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு உயர, வீடு பள்ளமாகும். முடிந்தவர்கள் மண் கொட்டி வாசலை உயர்த்திக்கொள்வார்கள். நானும் லாரியில் கிராவல் மண் இறக்கினேன். இன்வர்ட்டரை மாடிக்கு ஏற்றினேன். அணுமின் நிலையத்தில் செய்வதைத்தான் செய்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அம்பத்தூரில் வெல்டர். அவர் மனைவிக்கு நுரையீரல் நோய்; நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். கரண்ட் போனால் இன்வர்ட்டர். அது தரையில் இருந்தது.

மண் லாரி என் வாசலில் நின்றபோது வெல்டர் சிரித்தார்.

"இன்னா சார், ஊட்ட மலை மேல கட்றியா? கீழ கீற எங்களையும் கொஞ்சம் பாத்துக்க."

நானும் சிரித்தேன்.

அந்த வருட மழையில் ஒரு காலை கரண்ட் போனது. சிறிது நேரத்தில் அவர் மதிலுக்கு அந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டார். "சார், இன்வர்ட்டரு முழுகிடுச்சி. அவளுக்கு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர்லதான் ஓடிகினு கீது. உன் ஊட்ல கரண்டு கீதா?"

அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து இருவரும் மாடிக்குத் தூக்கி வந்தோம். பிறகு அவர் மெஷினைத் தலையில் வைத்துக் கொண்டு வந்தார். பிளக்கைச் செருகியதும் அது உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது.

வெல்டர் ஜன்னலோரம் போய் நின்றார். நானும் போனேன். தெருத் தண்ணீர் என் வாசல் மேட்டில் ஏற முடியாமல் வளைந்து, நேராக அவர் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நான் கொட்டின மண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குத் தெரிஞ்சா எந்திரிச்சி போய்க்கினே இருப்பா. அப்டி ஒரு வீம்பு. கரண்டு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

என் மனைவி காப்பி கொண்டு வந்தாள். அந்த அம்மா மூக்குக் குழாயை ஒதுக்கிக்கொண்டு டம்ளரை வாங்கினார். "நல்லா இருப்பீங்க சார்" என்றார்.

நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.