முன் பிரேக் எந்தக் கையில்?

பழைய ரோடு பைக்கின் கேலிபர் பிரேக்கைச் சரிசெய்கிறவனை அவன் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பிரிந்த கேபிள் நார் குத்தாத நுனி ஒன்றுகூட இருக்காது. உங்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பிரேக்கோடு தொலைத்திருந்தால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காத பாக்கியவான்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்துக்கு மேலே நண்டின் கொடுக்கு மாதிரி இரண்டு கைகள் இருக்கும். ஹாண்டில்பாரில் லீவரை அழுத்தினால் கேபிள் இழுக்க, கொடுக்கின் இரண்டு ரப்பர் கட்டைகளும் ரிம்மைக் கவ்வ வேண்டும். பழைய வண்டியில் ஒரு கட்டை ரிம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கும், மற்றது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

என் கடை கேரள எல்லையோரம் பாறசாலையில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் பழைய ரோடு பைக்குகளை வாங்கிப் பிரேக் மாற்றி விற்பதும், விற்றவற்றைத் திரும்பத் திரும்பப் பழுது பார்ப்பதும்தான் தொழில். கூட இருப்பது என் மனைவியின் தம்பி பிஜு. கடை போடும் முன் நெடுநாள் ஒரு நாளிதழுக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தில், வண்டியை விட்டுப் போகிறவர் என்ன குறை சொல்கிறாரோ அதை அவர் சொல்லிலேயே ஓர் அட்டையில் எழுதி ஹாண்டில்பாரில் கட்டிவிடுவேன். கீழே உள்ள பேச்சுகள் பலவும் அந்த அட்டைகளில் கிடைத்தவை.

பிடிக்கல

தூத்துக்குடியிலிருந்து வேலை மாற்றலாகி வந்திருந்த முருகேசன் என்னிடம் ஒரு வண்டி வாங்கியிருந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, "பிடிக்கல" என்றார். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் 'பிடிக்கல' என்று எழுதிக் கட்டிவிட்டு, பார்சல் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிஜு பள்ளியில் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தைச் சர்ச்சுப் பாட்டுப் புத்தகத்தில் கற்றுக்கொண்டவன். மலையாளத்தில் பிரேக் பிடிக்கும், மீன் பிடிக்கலாம், பஸ்ஸும் பிடிக்கலாம். மனசுக்குப் பிடிப்பதற்கு அங்கே அதிகம் புழங்குவது வேறு சொல். ஆகவே அவன் அட்டையைப் படித்ததும் இரண்டு கேலிபர்களையும் கழற்றி, கேபிள் மாற்றி, புதுக் கட்டை போட்டு, மத்தியானத்துக்குள் இரண்டு விரலால் அழுத்தினால் சக்கரம் அப்படியே நிற்கும்படி செய்துவிட்டான்.

சாயங்காலம் முருகேசன் வந்து லீவரை அழுத்திப் பார்த்தார். சக்கரம் நின்றது. வண்டியை விற்றுத்தரச் சொல்லத்தான் காலையில் வந்தாராம். அவர் ஊரில் உப்பளத்தை ஒட்டிய சாலை கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகப் போகும். மிதிக்கத் தொடங்கினால் வீடு வரும்வரை பிரேக்கின் ஞாபகமே வராது. இங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், ஒரு வளைவு, மறுபடி இறக்கம். கை எப்போதும் லீவரில் இருக்க வேண்டும். பிஜுவின் முகம் வாடியதைப் பார்த்து அவர் சமாதானமாகச் சொன்னார்: "பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது அண்ணாச்சி. எனக்குத்தான் இந்த ஊரு பிடிக்கல."

எந்த ஊர் மண்

பழைய பிரேக் கட்டையைக் கழற்றியதும் முதல் வேலை, ரப்பரில் புதைந்திருக்கும் மணலை ஊசியால் குத்தி எடுப்பது. எடுக்காவிட்டால் அது ரிம்மை அறுக்கும். கண்ணைக் கெடுக்கும் வேலை என்பதால் நான் அதைப் பிஜுவிடம் தள்ளிவிடுவேன். எடுத்த மணலை அவன் தரையில் உதற மாட்டான். ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பான். ஒருமுறை கப்பலில் வந்த வண்டி ஒன்றில் சாம்பல் நிறத்தில், பளபளப்பே இல்லாத மண் வந்தது. எங்கள் நெய்யாற்று மணல் இல்லை. கடற்கரை மணலும் இல்லை. பிஜு பாஸ்போர்ட் எடுத்து வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு தடவை விசா கைக்கு வருகிறது என்று சொல்லி வராமலே போனது. தாளை மடித்து மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னான்: "நாம போகாத இடமெல்லாம் இந்த ரெண்டு துண்டு ரப்பரு போயிட்டு வந்திருக்கு, அத்தான்."

இடது கை

கள்ளிக்காட்டு செல்வராஜ் அண்ணன் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் ஜெபின், நர்சிங் படிக்கும்போது என்னிடம் ஒரு நீல நிற வண்டி வாங்கினான். படிப்பு முடிந்ததும் ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போய் ஒரு மாதம் இருக்கும், அண்ணன் அந்த நீல வண்டியைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

விஷயம் இதுதான். நம் ஊரில் முன் பிரேக் வலது கையில் இருக்கும், பின் பிரேக் இடது கையில். ஜெர்மனியில் நேர்மாறு. அது தெரியாமல் ஜெபின் அங்கே ஒரு பழைய சைக்கிள் வாங்கி, முதல் இறக்கத்திலேயே பின் பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்தியிருக்கிறான். பூட்டியது முன் சக்கரம். ஹாண்டில்பாருக்கு மேலே பறந்து விழுந்து, தாடையில் பிளாஸ்திரியோடு வீடியோ காலில் வந்து சிரித்திருக்கிறான். அவன் அம்மா அழுதாராம். அண்ணன் அழவில்லை; இரண்டு நாள் யோசித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்த வண்டிக்கும் முன் பிரேக்கை இடது கைக்கு மாற்ற வேண்டும்.

"அண்ணே, அவன் அங்கதானே இருக்கான்? இந்த வண்டி இங்கதானே நிக்குது?" என்றேன். லீவு கிடைத்து வரும்போது கை அந்த ஊர்ப் பழக்கத்தில் இருக்கும், இங்கே ஏறினால் மறுபடி விழுவான் என்றார். யோசித்துப் பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஹாண்டில்பார் டேப்பை உரித்து, கேபிள் இரண்டையும் இடம் மாற்றி, திரும்பச் சுற்ற அரைநாள் ஆனது. பழக்கப்படி 'முன் பிரேக் இடது கையில்' என்று அட்டை எழுதிக் கட்டினேன். அண்ணன் அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபத்து என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அட்டையை அவிழ்த்ததற்கு அவர் சொன்ன காரணம்: "அட்டை ஒண்ணும் வேண்டாம் தம்பி. எனக்க பய வந்து ஏறும்போ, அவனுக்க கையே அறியட்டு, அப்பன் நெனச்சிருக்கான்னு."

கீச்சு

கேலிபர் பிரேக் கீச்சிடுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கட்டையின் முன்நுனி ஒரு மயிரிழை முந்தி ரிம்மைத் தொடுகிற மாதிரி சாய்த்து வைத்தால் சத்தம் நின்றுவிடும். குன்னத்துகாலில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட கிளார்க் வருவார். முழங்காலுக்காக டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். வண்டியை நிறுத்துவார், பிரேக்கைக் காட்டுவார், உட்காருவார், போவார். வாய் திறந்து மிண்டாத ஆள்; அவர் அட்டையில் நான் எழுத ஒரு சொல்கூடக் கிடைத்ததில்லை. அந்த முறை நானாகவே கீச்சொலியையும் நிறுத்திக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி லீலா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பழைய சத்தம் திரும்ப வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை. காலையில் சர்ச்சு வளைவில் அந்தக் கீச்சு கேட்டால்தான் அக்கா அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பார். இப்போது மனுஷன் சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சாயா கேட்காமலே எழுந்து குளிக்கப் போய்விடுகிறாராம். "அதுக்கு அண்ணனை வாயைத் திறந்து கேட்கச் சொல்லுங்க அக்கா" என்று பிஜு சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "கல்யாணம் கழிஞ்ச நாள் தொட்டு நானும் பாக்கேன் மக்கா. அந்த மனுஷன் என்கிட்ட மிண்டுதது அந்த பிரேக்கு ஒண்ணுதான் ஆக்கும்."

இரண்டு வாறேன்

ஓடாத வண்டியின் பிரேக்கும் கெடும். நம் மழைக்குக் கேபிள் உறைக்குள் ஈரம் ஏறி இறுகும். கட்டை ரப்பர் கல்லாகும். செல்வராஜ் அண்ணன் ஒவ்வொரு முறையும் ஜெபின் வருகிறான் என்று தெரிந்ததும் நீல வண்டியைக் கொண்டுவந்துவிடுவார். முதல் வருடம் வேலை உறுதியாகவில்லை என்று அவன் வரவில்லை. அடுத்த வருடம் பரீட்சை. அதற்கடுத்த கிறிஸ்துமசுக்கு டிக்கெட்கூட எடுத்துவிட்டான்; கூட வேலை பார்க்கிறவளுக்குக் குழந்தை பிறக்க, அவள் டியூட்டியும் இவன் தலையில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் நான் எண்ணெய் விட்டு, கட்டை மாற்றிக் கொடுப்பேன். அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு லீவரையும் மாறி மாறி அழுத்திப் பார்ப்பார். பின்னால் இருந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

நான்காம் வருடமும் வந்தார். "பய நேத்து போன்ல வாறேன்னு சொன்னான்" என்றார். எங்கள் பக்கத்தில் வருகிறவனும் வாறேன் என்பான், விடைபெறுகிறவனும் வாறேன் என்பான். பிஜு கையில் ஸ்பானரோடு, கேலியாகவும் இல்லாமல், "அண்ணே, அது போனை வைக்கதுக்குச் சொல்லுத வாறேன் ஆக்கும்" என்றான். நான் அவனை முறைத்தேன். அண்ணன் வண்டியைப் பிஜு பக்கம் தள்ளினார். "எலே, எந்த வாறேன் ஆனாலும் எனக்கு வாறேன் தான். நீ பிரேக்கைப் பாரு."

விழுந்த இடம்

அது வருகிறவனின் வாறேன்தான். இரண்டு வாரம் கழித்து ஜெபின் வந்துவிட்டான் என்று காரக்கோணத்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் சொன்னார். மறுநாள் காலை பெட்டி ஆட்டோ கடைமுன் நின்றது. அண்ணன் நீல வண்டியை இறக்கினார். டேப் கிழிந்திருந்தது, இடது லீவர் உள்பக்கம் மடங்கியிருந்தது, முன் கேலிபரில் மரவள்ளித் தோட்டத்துச் செம்மண். பிரேக் மாட்டுகிறவர்கள் கெட்ட கனவில் காண்பது இந்தக் காட்சியைத்தான். "அவன் எப்படி இருக்கான்?" என்றேன்.

"வீட்டுல இருக்கான். முழங்கை உரிஞ்சு போச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றார். விடிந்ததும் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நெய்யாறு அணைப்பக்கம் போயிருக்கிறான். முதல் இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்தியிருக்கிறான். ஜெர்மனியில் விழுந்த அதே மாதிரி, அதே கையால், இங்கேயும் விழுந்தான். முழங்கையில் மண்ணோடு வந்து, "அப்பா, நம்ம வண்டிக்கு முன் பிரேக்கு வலத்துல தானே? இது எப்ப மாறிச்சு?" என்று கேட்டானாம்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அட்டையை நான் விடாமல் கட்டியிருக்க வேண்டும், அவனுக்கு ஒரு போனாவது செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலு வருடத்துக்கு முன் நான் எழுதிய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. ஜெபினுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் லீவு உண்டு, இன்றைக்கே பழையபடி வலத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்றார். பிஜு ஏற்கெனவே டேப்பை உரிக்கத் தொடங்கியிருந்தான். பழுது கொண்டுவந்த ஒரு மனிதனின் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

"அங்க விழுந்ததும் நம்ம ஊரு நெனப்புல, இங்க விழுந்ததும் நம்ம ஊரு நெனப்புல. நாலு வருசமாச்சு தம்பி, எனக்க பயலுக்க கை ஒண்ணும் மறக்கேல்ல."

இத்தனை வருடத்தில் நான் மாட்டிய பிரேக்குகள் எல்லாம் சொன்ன இடத்தில் நின்று ஒரு நல்ல பேரும் வாங்காமல் போயின. ஆளைக் கவிழ்த்துப்போட்ட ஒன்றுக்குத்தான், மறுநாள் கள்ளிக்காட்டிலிருந்து ஒரு சீப்பு பழம் வந்தது.