பொறி எண்ணும் எர்னஸ்ட்

ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று நாலு வருஷம் ஒரு டாக்டரம்மாவோடு சுற்றிவிட்டு நான் சித்தூருக்குத் திரும்பிய வாரம், எங்கள் சபையில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞானசௌந்தரியம்மாவின் மகன் எர்னஸ்ட், திருப்பதியில் ஒரு இருட்டறையில் உட்கார்ந்து பொரி எண்ணுகிறானாம்.

எர்னஸ்டை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவனைப் போல அசையாமல் உட்காரும் ஆளை நான் போன ஊர் எதிலும் பார்க்கவில்லை. கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். பங்கா இழுப்பவனைவிட இவன் மெதுவாக வேலை செய்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வைத்துப் பார்த்தார்கள். பையன்கள் தூங்கினார்கள், அவன் அவர்களை எழுப்பவில்லை. கடைசியில் அவனைத் தேடி ஒரு வேலை வந்தது.

திருப்பதியில் புரொபசர் வரதராஜன் என்று ஒருவர் இருந்தார். சீமையில் படித்துவிட்டு வந்தவர். நாயுடுபேட்டைக்கு வடக்கே அப்பிரகம் என்கிற மைக்கா வெட்டும் சுரங்கங்களில் ஒருவகைக் கறுப்புக் கல் கிடைக்கிறது. அதில் ரேடியத்தின் குணம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கல் மூட்டை மூட்டையாக ரேணிகுண்டா வழியாக ரயிலில் வந்து இறங்கும். அந்தக் கல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் பறந்துகொண்டே இருக்குமாம். துத்தநாக மருந்து பூசிய ஒரு கண்ணாடிச் சில்லை எதிரே வைத்தால், ஒவ்வொரு துகளும் அதில் மோதும்போது ஒரு சின்னப் பொறி பறக்கும். கும்மிருட்டில், பூதக்கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்த்து, அந்தப் பொறிகளை எண்ண வேண்டும். பொறி அதிகமானால் கல்லில் வீரியம் அதிகம். அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். முதலில் வக்கீலுக்குப் படிக்கும் ஒரு மாணவர் வந்தார். குறட்டை விட்டார். அடுத்து வந்தவர் கவிதை எழுதுகிறவர். கல்லை எடுத்துவிட்ட பிறகும் அவருக்குப் பொறி தெரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவதாக எர்னஸ்ட் வந்தான். இல்லாததை இருப்பதாக நினைக்கும் திறமை அவனுக்குக் கடவுள் கொடுக்கவே இல்லை. பொறி தெரிந்தால், கணக்குப் பதிவதற்காக எதிரே வைத்திருக்கும் தந்திக் கட்டையை 'டக்' என்று தட்டுவான். தெரியாவிட்டால் சும்மா இருப்பான். சும்மா இருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம். புரொபசர் கண்கலங்கிப் போனார் என்று சொல்கிறார்கள்.

இதை ஞானசௌந்தரியம்மா எங்கள் சபைக் கோயில் வாசலில் பெருமையோடு சொன்னபோதுதான் வினை பிறந்தது. "எம் புள்ள பொறி எண்ற உத்தியோகம் பாக்கறான்." எங்கள் ஊர் நாக்கில் பெரிய றகரமும் சின்ன ரகரமும் ஒன்றுதான். கேட்டுக்கொண்டிருந்தவள் தபீதாள் அத்தை, என் அப்பா வீட்டில் எல்லாருக்கும் மூத்தவள். "பொரியா? படிக் கணக்கா, மரக்காக் கணக்கா?" என்று கேட்டாள். அத்தோடு விட்டிருந்தால்கூடத் திருத்திவிடலாம். வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரன் கங்கையா அதைத் தெலுங்கில் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனான். தெலுங்கில் பொரிக்குப் பொருகுலு என்று பெயர். அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. அன்றிலிருந்து எர்னஸ்ட் 'பொருகுல தொர', அதாவது பொரித் துரை ஆகிவிட்டான்.

இதில் உண்மையாக அடிபட்டவள் என் பெரியப்பா மகள் கிருபாவதி. குடிபாலா மிஷன் பள்ளிக்கூடத்தில் உபதேசியாராக இருந்த அசரியாதான் என் பெரியப்பா. கிருபாவதியை எர்னஸ்டுக்குக் கொடுப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். செய்தி குடிபாலாவுக்கு வந்ததும் பெரியப்பா பேச்சை முறித்தார். வேலூர்ப் பக்கத்தில் மனைவியை இழந்த ஓர் உபதேசியார் இருந்தார். அவர் பிரசங்கம் செய்தால் அடுத்த ஊர்வரை கேட்கும். அவரைப் பார்த்துவரப் பெரியப்பா தயாரானார்.

கிருபாவதி என்னிடம் வந்து அழவில்லை. கோபமாக வந்தாள்.

"எங்க வூட்ல நைனா பேசறாரு, அத்தை பேசறாங்க, தூக்கத்துலயும் பேசறாங்க. பேசாத ஆம்பள ஒருத்தன் கெடைச்சான். அவன் பொரி எண்ணட்டும், புளியங்கொட்டை எண்ணட்டும், உங்களுக்கு இன்னா?" என்றாள்.

நான் பெரியப்பாவிடம் போய், நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். எனக்கும் ஊரில் உட்கார்ந்து கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வேலை பொய்யென்றால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவது, நேரே வேலூர்தான்.

அசரியா உபதேசியார் திருப்பதிக்குப் போகிறார் என்றதும் சபை சும்மா இருக்குமா? "மொட்டை போட்டுக்கினு வரப்போறாரா?" என்று கேட்டார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் ரயில் ஏறினார். கூட நான், கிருபாவதி, ஒரு துணி மூட்டையோடு தபீதாள் அத்தை.

"மூட்டையில இன்னாக்கா?" என்றார் பெரியப்பா.

"பொரி. கூடக் கொஞ்சம் வறுகடலை. மாப்ள எண்ணட்டும், பாக்கலாம். நானும் தனியா எண்ணி வச்சிக்கீறேன்."

"நீ எண்ணினியா?"

"பாதி வரிக்கும். அப்பறம் பாகால டேசன் வந்திடிச்சி."

புரொபசர் வீட்டு அறையின் ஜன்னல்களையெல்லாம் கம்பளி போட்டு ஆணி அடித்திருந்தார்கள். நல்ல மத்தியானத்தில் உள்ளே போனால் கிணற்றுக்குள் விழுந்தது போல இருந்தது. எர்னஸ்ட் எழுந்து கும்பிட்டான். கதவைச் சாத்தியதும் அவனும் மறைந்தான்.

"கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதுவரை எல்லாரும் பொறுமையாக இருக்க வேண்டும்" என்றார் புரொபசர்.

நான் இரண்டு சமுத்திரம் தாண்டியவள். அந்த அரைமணியைப் போல நீளமான பிரயாணம் எதையும் செய்ததில்லை. பெரியப்பா முதலில் ஜெபம் செய்தார். பிறகு இருமினார். தபீதாள் அத்தை, "கதவு எங்க கீது? கதவு கீதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எர்னஸ்ட் மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. கிருபாவதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புரொபசர் சோதனையைச் சொன்னார். கல்லுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதில் ஒரு காகிதத்தைச் செருகினாலே போதும். அந்தத் துகள்களுக்குக் காகிதத்தைத் தாண்டிப் போகத் தெம்பு கிடையாது. பொறி நின்றுவிடும். "நீங்களே செருகுங்கள், நீங்களே எடுங்கள். எப்போது என்று அவனிடம் சொல்ல வேண்டாம். அவன் உண்மையாக எண்ணினால், தட்டுவதும் நிற்கும்."

பெரியப்பாவுக்கு இது பிடித்துவிட்டது. சட்டைப் பையைத் தடவினார். கையில் அகப்பட்டது ரிட்டர்ன் டிக்கெட். புரொபசர் அவர் விரலைப் பிடித்து இடுக்கைக் காட்டினார்.

"ஆரம்பி" என்றார் புரொபசர்.

டக். டக் டக். டக்.

பெரியப்பா டிக்கெட்டைச் செருகினார். சத்தம் நின்றது. எடுத்தார். டக் டக். மறுபடி செருகினார். நின்றது.

"அடேங்கப்பா" என்றார் பெரியப்பா. மாட்டுவண்டிக்குப் பின்னால் தொங்கும் பிள்ளையைப் போல உற்சாகமாகிவிட்டார். செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார். கிருபாவதியின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

அப்போதுதான் டிக்கெட் உள்ளே இருக்கும்போது சத்தம் வந்தது. நறுக். நறுக் நறுக்.

"யோவ்!" பெரியப்பா துள்ளி எழுந்தார். "டிக்கெட்டு உள்ள கீது! இன்னும் தட்டிக்கினு கீறான்! எல்லாம் பித்தலாட்டம்!"

"நான் தட்டலீங்க மாமா" என்றான் எர்னஸ்ட்.

"யாருக்குடா மாமா? எழுந்திரு கிருபா! ரயிலுக்கு நேரமாச்சி!"

கிருபாவதி என் கையை விட்டுவிட்டாள். "நைனா, இருங்க. அது பொரி."

"பொறி எப்டிடி வரும்? அடைச்சி வச்சிக்கீறேனே!"

"அந்தப் பொறி இல்ல நைனா. பொரி!"

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

"ஒண்ணில்ல! அது கண்ணுக்கு. இது வாய்க்கு!"

மறுபடி, கொஞ்சம் பயந்தாற்போல, ஒரு 'நறுக்'.

"விளக்கை மட்டும் ஏற்றாதீர்கள்!" என்று புரொபசர் கெஞ்சினார். அதற்குள் பெரியப்பா கதவைத் திறந்துவிட்டார். வெளிச்சம் கொட்டியது. தபீதாள் அத்தை மூட்டையை மடியில் அவிழ்த்து வைத்து, இரண்டு கன்னமும் உப்ப உட்கார்ந்திருந்தாள். எர்னஸ்டின் கை தந்திக் கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, முழங்காலின்மேல் இருந்தது.

"துன்னுக்கினா கீற?" என்றார் பெரியப்பா.

"இருட்டுல வேற இன்னா பண்றது?" என்றாள் அத்தை. "வறுகடலதான் சத்தம் போடுது. பொரி பாவம், சும்மாத்தான் கீது."

போன பார்வை போனதுதான், இனி அரைமணி காத்திருக்க வேண்டும் என்றார் புரொபசர், அழாத குறையாக. மூட்டையை வெளியே வைத்துவிட்டு வரும்படி அத்தைக்கு உத்தரவு போட்டுவிட்டுப் பெரியப்பா தானே கதவைச் சாத்தினார்.

இரண்டாவது தடவை குழாயில் கண்ணை வைத்தவர் அவர்தான். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"கிருபா" என்றார் கடைசியில், மெதுவாக. "வந்து பாரும்மா. ஆகாசத்துல மீனு பூத்த மாதிரி கீது. பூக்குது, போயிடுது. பூக்குது, போயிடுது."

கிருபாவதி பார்த்தாள். பிறகு, அவளைக் கேட்டால் தெரியாமல் பட்டுவிட்டது என்பாள், அவள் விரல் தந்திக் கட்டையைத் தட்டியது. டக். எர்னஸ்ட் அன்றைக்குத் தானாகப் பேசிய ஒரே வார்த்தை அப்போதுதான் வந்தது.

"சரிதான்."

நாங்கள் ரயிலைத் தவறவிட்டோம். ராத்திரி திருப்பதியில் தங்க வேண்டியதாயிற்று. மறுநாள் குடிபாலாவில் எல்லாரும் பெரியப்பாவின் தலையைப் பார்த்தார்கள். அவருக்கு ஏற்கெனவே முழு வழுக்கை. ஆகவே மொட்டை போடவில்லை என்று யாருக்கும் நிரூபிக்க முடியவில்லை. பொறி என்றால் என்னவென்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் விளக்கினார். கேட்டவர்கள் எல்லாரும் பொரி என்றே புரிந்துகொண்டார்கள்.

கல்யாணம் சித்தூர்க் கோயிலில் நடந்தது. மணமக்கள் வெளியே வந்தபோது மற்றவர்கள் அரிசி தூவினார்கள். கங்கையா மட்டும் வண்டியின் மேலே ஏறி நின்று, ஒரு கூடைப் பொரியை அப்படியே எர்னஸ்ட் தலையில் கவிழ்த்தான். "லெக்க பெட்டு தொரா!" என்று எண்ணச் சொல்லிக் கத்தினான். கடைத்தெருவே சிரித்தது. எர்னஸ்ட் நின்றுவிட்டான். படியெல்லாம் வெள்ளையாகச் சிதறிக்கிடந்த பொரியை அவன் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

"எண்ணாத, நட" என்றாள் கிருபாவதி பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"இவ்ளோ வெளிச்சத்துல எங்க எண்றது?"