கலாவும் விடமுடியாத ஸாவும்

உதயகலாவுக்குச் சாமத்தியவீடு, அதுதான் பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சடங்கு, என்றாலே பிடிக்காது. கோப்பாயிலிருந்து கீபோட்டைத் தூக்கிக்கொண்டு போய், பெண்பிள்ளை மேடையில் உடுப்பு மாற்றி மாற்றி வர, அதே சினிமாப் பாட்டுகளை வாசிப்பாள். சனம் றோல்ஸைக் கடித்துக்கொண்டு வீடியோக்காரனைப் பார்க்கும். பேஸ் கிற்றாரோடு பக்கத்தில் நிற்கிற எனக்கும் வெறுப்புத்தான். நான் வாய்விட்டுத் திட்டுவேன், அவள் பல்லைக் கடிப்பாள்.

அதனால்தான், யாழ்ப்பாணத்தில் ஒரு புது விடுதியில் பின்னேரங்களில் ஜாஸ் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் துள்ளி எழுந்தாள். அது கிடைத்தால் சாமத்தியவீட்டைத் தலைமுழுகிவிடலாம். யூரியூப்பைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். வந்து மாட்டியது ஏ மைனர் சிக்ஸ்த் கோர்ட்.

கோர்ட் என்றால் ஒன்றாய்ச் சேர்த்து அழுத்துகிற சுரங்கள்; இதற்கு 'ஏ' என்கிற சுரம்தான் ஸா, அடிச்சுரம். அதை நான் பேஸில் வாசிப்பேன். கீபோட் அதை விட்டுவிட்டு, இடது கையில் சி, எஃப் ஷார்ப், வலது கையில் பி, ஈ என்று பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கலா சின்ன வயதிலிருந்து கோயிலில் தேவாரத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவள். ஸாவை அழுத்தி வைக்காமல் எதையும் தொடங்கத் தெரியாது. இடது சுண்டுவிரல் தானாகக் கீழே போய் ஏயில் குந்தும். என் பேஸும் அதுவும் சேர்ந்து களி கிண்டும்.

"விரலை எடும் கலா! கேக்கேலாமல் கிடக்கு."

"ஸா இல்லாமல் அந்தரத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை."

கடைசியில் அந்த விரலைப் பக்கத்து விரலோடு பிளாஸ்ரர் போட்டு ஒட்டிப் பழகினாள். ஒருநாள் பிளாஸ்ரர் இல்லாமலே கோர்ட் வந்தது. என்ன சுத்தம்! கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுதி முதலாளி நாகலிங்கம், தான் பெரிய சங்கீதக்காரன் என்று தானே சொல்லித் திரிகிறவர். ஆள் எடுக்கிற அன்று நாங்கள் வாசித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் கோணியது.

"பிள்ளை, சுருதி விட்டுப் போச்சு. ஸாவைப் பிடிச்சு வாசியும், வேலை உமக்குத்தான்."

மேசையில் இருந்த கிளாஸைத் தூக்கி எறிய வேண்டும்போல் வந்தது எனக்கு. கலா என்னைப் பார்க்கவில்லை. சுண்டுவிரலைக் கீழே வைத்தாள். பழைய களி.

"ஆ! இப்பதான் பாட்டு!" என்று தொடையில் தட்டினார் மனுசன்.

வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும், "சந்தோசமோ?" என்று கேட்டேன்.

"கஷ்டப்பட்டு ஸாவிலை வைச்சிருந்தாலும் பரவாயில்லை அண்ணை," என்றாள். "அந்த விரல் எவ்வளவு ஆசையாய்ப் போய்க் குந்தினது எண்டு பாத்தனீங்களே? சீ!"