வேலூர்ச் சிப்பாயின் பொத்தான்கள்

எங்கள் சித்தப்பாவைப் போல ஒரு வேலையை இழுத்தடிக்கும் மனிதரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. ஒரு சாண் உயர மரச் சிப்பாய்க்கு வர்ணம் பூச அவர் எடுத்துக்கொண்ட காலத்தில், எங்கள் கொல்லையில் சாமை விதைத்து, அறுத்து, குத்திச் சோறும் ஆக்கிவிட்டார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர் அவர். கூடப் போன, எங்கள் மலையடிவாரத்துப் படவேட்டுச் சிநேகிதர் திரும்பவில்லை. தன் முன்னோர் ஒருவர் வேலூர்க் கோட்டையில் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த சிப்பாய்களில் ஒருவர் என்று அந்தச் சிநேகிதருக்கு ஏகப் பெருமை. அடுத்த லீவில் அந்தச் சிப்பாயைப் பொம்மையாகச் செய்து மகனுக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதைத்தான் சித்தப்பா, அவர் நினைவாகத் தானே செய்ய உட்கார்ந்தார். பாலை மரத்தில் செதுக்கும் வேலை பத்தே நாளில் முடிந்தது. வர்ணம்தான் முடிவேனா என்றது.

இதில் எனக்கென்ன அவசரம் என்றால், பொம்மையைக் கொடுக்கப் போகும்போது என்னையும் படவேட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தாவது படிக்கும் வரை நான் மலையை விட்டு இறங்கியதே இல்லை. ஆடி வெள்ளிக்கு அங்கே கோயிலில் ராட்டினம் சுற்றும், கலர் சோடா விற்கும் என்று ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்கு வரும் வளையல்காரி வேறு ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தாள். ஓர் ஆடி போய் மறு ஆடியும் வந்துவிட்டது.

முதலில் என் சரித்திரப் புத்தகத்தில் சிப்பாய் படம் இருந்த பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். அதற்காக வாத்தியார் முன்னால் முட்டி போட்டது நான். படமோ கறுப்பு வெள்ளை. சட்டை சிவப்பு என்பது ஊருக்கே தெரியும். பொத்தான் மஞ்சளா வெள்ளையா என்பது யாருக்குத் தெரியும்? மஞ்சள் வைத்தார். சுரண்டிவிட்டு வெள்ளை வைத்தார். வேலூர் வரை போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து வெள்ளையையும் சுரண்டினார். பிறகு மார்பில் குறுக்குப் பட்டை அகலம் போதவில்லை. பிறகு மீசை சரியில்லை. அணில் வால் முடியில் கட்டிய தூரிகை தேய்ந்து மூன்றே முடியில் வந்து நின்றது.

நடுநடுவே சிநேகிதரின் மனைவியிடமிருந்து கார்டு வரும். தந்தியில் வந்ததைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு தரம் நேரில் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொன்றிலும் அதே வரி. பொம்மை முடிந்ததும் வருகிறேன் என்று சித்தப்பாவும் அதே பதிலை எழுதுவார். எழுதிய கையோடு பொத்தானைச் சுரண்ட உட்கார்ந்துவிடுவார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், கண்ணைத் தவிர மற்றதெல்லாம் பூசிக் காய்ந்து, பொம்மை ஜன்னலில் நின்றது.

"இன்னிக்குப் போலாமா சித்தப்பா?"

"காலரு நெறந்தான் கொஞ்சம் சந்தேகமா கீது கண்ணு. இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டு வேப்பங்குச்சியோடு பல் துலக்கப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்பு டப்பாவைத் திறந்து, அந்த மூன்று முடித் தூரிகையால் இரண்டு கண்ணையும் நானே வைத்துவிட்டேன். ஒன்று சற்று மேலே ஏறிவிட்டது.

முதலில் பார்த்தது அம்மா. "அடிப்பாவி, இன்னாடி பண்ணி வச்ச? கண்ணத் தொறந்துட்டியா?"

எங்கள் மலையில் வேடியப்பனுக்கு வைக்கும் மண்குதிரைக்குக் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள். எழுதிவிட்டால் அது வீட்டில் இராத் தங்கக் கூடாது. அன்றைக்கே போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போயாக வேண்டும்.

"இது சாமி இல்ல அண்ணி, பொம்மை" என்றார் சித்தப்பா.

"செத்தவரு பேர்ல செஞ்சதுதான? கண்ணும் தொறந்தாச்சி. பொழுது சாயறதுக்குள்ள எட்த்துக்கினு கெளம்புங்க, தம்பி."

சித்தப்பா சுரண்டும் கத்தியைக் கையில் எடுத்தார். அம்மா நகரவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் பொம்மையைத் துண்டில் சுற்றினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

படவேட்டில் கோயில் பக்கமே போகவில்லை. நேரே அந்த வீட்டுக்குத்தான் போனோம். பையன் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு, "ஐ, கண்ணு கோணலா கீது!" என்று கத்தியபடி தெருவுக்கு ஓடினான். அவன் அம்மா மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சித்தப்பா பொத்தானைப் பற்றி ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

"அவரு கடைசியா தண்ணி கேட்டாருங்களா?"

சித்தப்பா மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டாருங்க. குட்த்தேன். குடிச்சிட்டுதான் கண்ண மூடனாரு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "அது போதுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை நடந்த அந்த இடத்தில் இரண்டு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கேட்டவனுக்குக் கொடுக்க முடியவில்லை என்று அப்பாவிடம் இவர் அழுததை நான் காதால் கேட்டிருக்கிறேன். "இல்லியே" என்று வாயைத் திறந்தேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் விடவில்லை. "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதுன்னு நீங்கதான சொல்வீங்க?"

"ஆமா கண்ணு. கெடைக்காது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராட்டினமும் இல்லை, கலர் சோடாவும் இல்லை, கூட வந்தவரோ புளுகர். மலை ஏறி முடியும் வரை நான் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொல்லத் துணிவதற்குத்தான் அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.