மூன்று தேசம் ஜெகநாதன்

போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் வந்து ஜெகநாதன் வீடு எது என்று கேட்டால், எந்த ஜெகநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். மூணு தேசம் ஜெகநாதன் என்று கேட்டுப் பாருங்கள், கடையில் நிற்பவர்கள் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு வந்து வழி காட்டுவார்கள். ஆள் உலகம் சுற்றியவர் என்று நினைத்துவிட வேண்டாம். தையல்காரர். அவர் சுற்றியது ஒரே தேசம்தான். அந்த ஒன்றை மூன்று என்று கணக்குப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கு சரியாவதற்குள் பெற்ற பிள்ளைக்கு ஆறு வயதாகிவிட்டது.

அவர் பிறந்தது ரங்கூனில். அப்பா காலத்துத் தையல்கடை, அம்மா சுப்பம்மாள், மாடியில் குடியிருப்பு. கையில் இருந்ததோ இந்தியப் பாஸ்போர்ட். ஆக, பிறந்த ஊரிலேயே அவர் வெளிநாட்டார். வெளிநாட்டார் இன்னோர் ஊருக்குப் போனால், இறங்கியதும் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல வேண்டும், இரண்டுக்கும் முத்திரை வாங்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவருடைய அப்பா இதை மறந்துவிட்டு, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கொண்டுபோகப்பட்டார். சின்ன வயதில் அதைக் கண்ணால் பார்த்த மனுஷன் ஜெகநாதன். அன்றிலிருந்து அவருக்குச் சாமிக்கு அடுத்தபடி முத்திரைதான். சில நாள் சாமிக்கு முந்தியும் கூட.

அவருக்கு வாய்த்த மரகதமோ போர்ட் பிளேயர்க்காரி. அவள் அப்பா குழந்தைவேலு இளவயதில் ரங்கூன் மரக்கடையில் வேலை பார்த்தவர், அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். மரகதத்திடம் ஒரு தீவுப் பழக்கம் இருந்தது. மெட்ராசுக்கோ கல்கத்தாவுக்கோ யாராவது கப்பலேறினால், ‘இந்தியாவுக்குப் போயிருக்காங்க’ என்பாள். அவள் மட்டும் இல்லை, தீவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அப்போ நீங்க இருக்கிறது எந்த நாடு என்று ஜெகநாதன் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆறாம் மாதமே மரகதம் கிளம்பியாக வேண்டியிருந்தது. பர்மாவை விட்டு வெளியே போகும் வெளிநாட்டார் திரும்பி வர ஒரு அனுமதித் தாள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். எழுதாத நாட்டில் கால் வைத்தால் தாள் செல்லாது. மரகதம் அந்த இடத்தில் ‘இந்தியா, அந்தமான்’ என்று சொல்லி எழுத வைத்தாள். ஜெகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து, மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவரத் தனக்குத் தாள் வாங்கியபோது, படித்த ஆளாகச் சுருக்கமாக ‘இந்தியா’ என்று மட்டும் எழுத வைத்தார்.

மெட்ராசில் முத்திரை வாங்கி ஏறிய கப்பல், போர்ட் பிளேயர் துறையான சாத்தம் ஜெட்டியில் அவரை இறக்கிவிட்ட காலையில், பெண் பிறந்திருக்கிறாள் என்று கரையிலிருந்தே மாமனார் கத்திச் சொன்னார். ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, இங்கே காவல் நிலையம் எங்கே என்று கேட்டார்.

நிலையத்தில் எழுத்தராக இருந்தவர் கண்ணையா. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் இந்தியும் கலந்துதான் வாயைத் திறப்பார். முத்திரையெல்லாம் இங்கே கிடையாது, போய்ப் பிள்ளையைப் பாரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஜெகநாதன் நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் இப்படிக் கெஞ்சுகிறாரே என்று, இருந்ததில் பெரிய வட்ட முத்திரையாகப் பார்த்து ஒரு பக்கம் நிறையக் குத்தி, ‘அந்தமான் வந்து சேர்ந்தார்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் கண்ணையா.

வீட்டு வாசலில் மாமியார் தனபாக்கியம் ஆலத்தித் தட்டோடு நின்று நின்று கற்பூரம் அணைந்து போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் சாகும்வரை முழுதாக அடங்கவில்லை.

“பெத்த புள்ளையப் பாக்குறதுக்கு முன்னாடி போலீசைப் பாக்கப் போன மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன்.”

இந்திராணி என்று பெயர் வைத்தார்கள். அதோடு ஊர் திரும்பியிருந்தால் கதையே இல்லை. கொப்பரை வாங்க, கார் நிக்கோபார் தீவுக்குப் போன குழந்தைவேலு, மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போனார். நிக்கோபாருக்குள் போக யாராக இருந்தாலும் பாஸ் வேண்டும், இந்தியன் என்றாலும் வேண்டும். பாஸ் என்று கேட்டதும் ஜெகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுவல்லவோ ஒழுங்கான ஊர்! அதைத் தனித்தாளில் வாங்கி என்ன பிரயோஜனம், பாஸ்போர்ட்டிலேயே பதியுங்கள் என்று நிக்கோபார் துறையில் இருந்த அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். அவரும் போனால் போகிறது என்று, நிக்கோபாருக்குள் நுழைய அனுமதி, நுழைந்தார், வெளியேறினார் என்று மூன்றும் பதித்துக் கொடுத்தார். திரும்பும் படகில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து மை காயும்வரை ஊதிக்கொண்டே வந்தார் ஜெகநாதன். ஊதியதில் பாதி மூச்சை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

ரங்கூன் துறைமுகத்தில் இருந்த அதிகாரி சாதுவான மனிதர். மரகதத்தின் தாளைப் பார்த்தார். இந்தியா, அந்தமான் என்று இருந்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். அந்தமான்ல இருந்தேன், அப்புறம் இந்தியாவுக்கு வந்து கப்பலேறினேன் என்றாள் அவள், பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய மாதிரியே. தாளும் பேச்சும் நூல் பிடித்தாற்போல ஒத்துப்போயின. தாய்க்கும் அவள் பாஸ்போர்ட்டிலேயே பெயர் ஏறியிருந்த பிள்ளைக்கும் முத்திரை விழுந்தது.

ஜெகநாதன் தாளில் இந்தியா என்று மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் இந்தியா, அந்தமான், நிக்கோபார் என்று மூன்று இருந்தன. இரண்டு நாடு அதிகம் என்றார் அதிகாரி. மூன்றும் ஒன்றுதான் ஐயா என்றார் ஜெகநாதன். அதிகாரி அந்த நிக்கோபார் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

“உன் நாடுதான்னா, உள்ளே போக உனக்கு எதுக்கு அனுமதி குடுத்திருக்காங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு யாரிடமும் சுலபமான பதில் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. வந்த கப்பலிலேயே அவரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று.

மரகதம் நானும் திரும்பி வருகிறேன் என்று அழுதாள். அவளும் திரும்பிவிட்டால் அவள் தாளும் செத்துப்போகும். மாடியில் சுப்பம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. கடையைப் பார்க்க ஆள் இல்லை. ரெண்டு கடுதாசி வாங்குற வேலை, அடுத்த கப்பலுக்கே வந்துடுவேன் என்று அவர்தான் அவளைச் சமாதானம் செய்து இறக்கிவிட்டார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பி ஒரு தடவை முகத்தைப் பார்க்கலாமா என்று நினைத்து, அழும் என்று விட்டுவிட்டார்.

இப்படியாக, ரங்கூனில் பிறந்த புருஷன் போர்ட் பிளேயரில் மாமியார் வீட்டிலும், போர்ட் பிளேயரில் பிறந்த பெண்டாட்டி ரங்கூனில் மாமியார் வீட்டிலும் குடித்தனம் நடத்தினார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் வீட்டில் மகளாவது இருப்பாள். மகளில்லாமல் வெறும் மாப்பிள்ளையை மட்டும் வைத்துச் சோறு போட்டது அந்தமான் சரித்திரத்தில் தனபாக்கியம் ஒருத்திதான். அதைச் சொல்லிச் சொல்லியே போட்டாள். ஆனால் ஒரு வேளையும் குறை வைக்கவில்லை.

ஜெகநாதன் வாசலில் ஒரு மிஷின் போட்டுப் போலீஸ் உடுப்பு, வனத்துறை உடுப்பு என்று தைத்தார். மற்ற நேரமெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அந்தமான் இந்தியாவில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும், இதுதான் அவர் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்ததுக்கு எதுக்குய்யா கடிதம் என்று ஒருவர் துரத்தினார். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, டில்லிதான் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு நல்ல மனுஷர் எழுதியே கொடுத்தார். அந்தமானும் நிக்கோபாரும் இந்தியாதான் என்று எழுதியவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யோக்கியமானவர் அல்லவா, ஆனாலும் நிக்கோபாருக்குள் இந்தியர்களும் அனுமதியில்லாமல் நுழைய முடியாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்தமான் சந்தேகம் தீர்ந்தது, நிக்கோபார் சந்தேகம் பலப்பட்டது என்று ரங்கூனிலிருந்து பதில் வந்தது.

பிறகு பள்ளிக்கூடத்து இந்திய வரைபடம் ஒன்றை வாங்கி அனுப்பினார். பக்கத்தில் இடம் போதாமல் தீவுகளை மட்டும் மூலையில் தனிக்கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏன் தனிக்கட்டம் என்று கேட்டு அதுவும் திரும்பி வந்தது.

அந்தப் பாஸ்போர்ட்டைக் கடலில் போட்டுவிட்டு, தொலைந்துபோச்சு என்று சொல்லிப் புதிதாக வாங்குங்கள் என்று குழந்தைவேலு ஒரு நாள் ஜெட்டிக்கே கூட்டிப்போய்விட்டார். ஜெகநாதன் கையை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. கடைசியில் பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

இவ்வளவுக்குப் பிறகாவது முத்திரையை வெறுத்தாரா என்றால், அதுதான் இல்லை. மாதம் பிறந்தால் காவல் நிலையத்துக்குப் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று கண்ணையாவிடம் சொல்லிவிட்டு வருவார். பாஸ்போர்ட்டில் இனிக் குத்த மாட்டேன், குத்தினதே போதும் என்று கண்ணையா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குத்தி வாங்கிக்கொள்வார்.

ரங்கூனில் சுப்பம்மாள் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி போட மகனால் போக முடியவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்று தனபாக்கியம் அவரை ஒரு சொல் சொல்லாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்ற வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மரகதம் எழுதும்போதெல்லாம், இந்திராணி உங்களைக் கேட்கிறாள் என்று எழுதுவாள். என்னவென்று கேட்கிறாள் என்று எழுதமாட்டாள்.

அறுபத்து நாலில் பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்காரே எடுத்துக்கொண்டது, தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சமயம் பார்த்துத்தான் ரங்கூனிலிருந்து அந்தத் தாள் வந்தது. ஜெகநாதன் சொன்னது சரியே, மூன்றும் ஒரு நாடே, அவர் வரலாம்! அங்கே ஃபைல் தன்பாட்டுக்கு ஊர்ந்து இத்தனை வருஷம் கழித்துக் கரையேறியிருக்கிறது. ஊரே வெளியே ஓடி வருது, நீங்க உள்ளே போறீங்களா என்று குழந்தைவேலு கத்தினார். ஜெகநாதன் பெட்டி கட்டினார். உள்ளே இருப்பது என் பெண்டாட்டியும் பிள்ளையும், நான் எப்படிப் போகாமல் இருப்பது என்று கேட்டார்.

மெட்ராஸ் கப்பல் வந்து, சரக்கிறக்கி, திரும்பும். அதில்தான் அவர் ஏற வேண்டும். கப்பல் வந்த காலையில் எப்போதும்போல ஜெட்டிக்குப் போய் நின்றார். எங்கள் ஊர்க் கப்பலில் ஒரு விசேஷம் உண்டு. ஆளும் அதிலேதான் வரும், ஆள் வருகிறது என்று சொல்லும் கடிதமும் அதிலேதான் வரும். மூட்டையைப் பிரித்துக் கடிதம் கைக்கு வருவதற்குள் ஆள் வீட்டில் சாப்பிட்டு முடித்திருக்கும். ஏணியில் மரகதம் இறங்கினாள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை, ரங்கூனில் கப்பலேறும்போது கழற்றி வாங்கிவிட்டார்கள். ஒரு கையில் துணிமூட்டை, ஒரு கையில் இந்திராணி. மூட்டைக்குள்ளிருந்து கடையின் பெரிய கத்தரிக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் நேரே ஜெகநாதனிடம் வந்தாள்.

“மிஷினை எடுத்துக்கிட்டாங்க. இதை மட்டும் புடவைக்குள்ள சுத்திக் கொண்டாந்தேன்” என்றாள். பிறகுதான் அழுதாள்.

இந்திராணி அவரிடம் வரவில்லை. அம்மா புடவைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. மாமனார் வண்டி பிடிக்கப் போயிருந்தார். மூவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். வழியில் காவல் நிலையம் வந்தது. ஜெகநாதன் கால் பழக்கத்தில் தயங்கியது. அதற்குள் பிள்ளை அம்மா கையை உதறிவிட்டு, நேராகப் படியேறி, மேஜைக்கு முன்னால் போய் நின்றது. ரங்கூனில் வெளிநாட்டார் என்று மாதாமாதம் காவல் நிலையத்தில் அம்மாவோடு போய் நின்ற பழக்கம். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணையாவைப் பார்த்து, நாங்க வந்துட்டோம் என்றது.

கண்ணையா பிள்ளையைப் பார்த்தார், வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக முத்திரையை எடுத்தது.

“க்யா ஜெகநாதன் பாய், குத்தட்டுமா?”

ஜெகநாதன் படியேறிப் போனார். உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வேணாம் கண்ணையா. உள்ள வைங்க” என்றார்.

பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. அவர் முகத்தை முதல்தடவையாக நேராகப் பார்த்து, முத்திரை இல்லாட்டா நாம வந்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டது.

“எனக்குத் தெரியும்மா” என்றார் ஜெகநாதன்.

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. வெளியே குழந்தைவேலு வண்டியோடு வந்து நின்று, இன்றைக்குமா என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.