சரியாக விழுந்த கால்

சங்ககிரி பஸ் ஸ்டாப்பில்தான் அவளைப் பார்த்தேன். மில்லில் கொடுத்த நீலக் கோட்டு, இறுக்கிப் பின்னிய சடை, முப்பதுக்குள் வயது. கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் இடது காலை ஒரு சாண் முன்னால் வைப்பாள். குதிகால் பதிந்ததும் இடுப்பைத் திருப்புவாள். பிறகு பழையபடி நிற்பாள். திரும்பத் திரும்ப இதையே செய்தாள். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடிய எனக்கு அது மட்டை வீசும் கால் என்று உடனே தெரிந்துவிட்டது.

"கால் ரொம்ப அழகா விழுதுங்க. இன்னும் ஆடறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. உட்டு எட்டு வருசமாச்சு."

"அப்புறம் எதுக்குங்க பிராக்டீஸ்?"

அவள் தன் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைசி மேட்ச்சுல இப்படித்தானுங்க சரியா உழுந்துச்சு. அடிச்ச பந்து நேராப் போயி, பந்து போட்ட புள்ளைக்குக் கண்ணுல பட்டுருச்சு. அந்தக் கண்ணு போயிருச்சுங்க. கால் கொஞ்சம் தப்பா உழுந்திருந்தா பந்து பக்கவாட்டுல போயிருக்கும். அதான், தப்பா வெக்கப் பழகிட்டு இருக்கறேன்."

அந்தக் காலைத்தான் நான் அழகு என்று சொல்லியிருந்தேன்.

திருச்செங்கோடு பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். கால் சரியாகவே விழுந்தது.