பதினாலு ஊர்க்காரி

வலது கையில் ஸ்பூன், இடது கையில் மவுஸ். புளிச்சாதம் ஒரு வாய் உள்ளே போகும், திரையில் ஒரு புலி அரை அங்குலம் நகரும். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் டிசைனர் வேலை சொர்ணலட்சுமிக்கு. சீசன் வந்துவிட்டால் சாப்பாடு இப்படித்தான். "புலிக்கு மீசை பத்தலைன்னு மொதலாளி சொல்லுதாக. மீசையக் கூட்டுனா பூனையா மாறிப்போகுது. நான் என்ன செய்ய?" என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வயது இருபத்தேழு. ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். அம்மா அய்யம்மாளுக்கு இன்னமும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அந்த வீட்டில் வெடிமருந்தில் கை வைக்காத முதல் ஆள் இவர்தான். கைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி கிடக்கும். யாராவது கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்குமுன் அதை எடுத்து அச்சைப் பார்ப்பார். "செவப்பு ஒரு நூல் வெலகியிருக்கு" என்று பெண்ணைப் பெற்றவரிடமே சொல்லிவிடுவார். இதனால் இரண்டு வீட்டில் அவருக்குப் பத்திரிகை வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மனுஷி மூன்று வருஷமாக இன்னோர் ஊரையும் கட்டிக் காத்துவந்தார் என்றால் நம்புவீர்களா? இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஆற்றோரம் ஓர் ஊர் கொடுப்பார்கள். பயிர் வைக்கலாம், மதில் எழுப்பலாம், படை சேர்க்கலாம். கவனிக்காமல் விட்டால் எவனாவது வந்து களஞ்சியத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். சொர்ணலட்சுமி தன் ஊருக்கு 'ஆமத்தூர் இரண்டு' என்று பெயர் வைத்தார். எல்லாரும் முதலில் மதில் கட்டுவார்கள், இவர் கிணறு வெட்டினார். அடுத்தவர் சாப்பிடுகிற நேரத்தில் படை அனுப்பக் கூடாது என்பது அவர் சட்டம். எதிரியோ ஏதோ ஒரு வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அதைச் சொன்னால், "அவன் தூங்குதான், சரி. நாம சாப்பிட வேண்டாமா?" என்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தனுஷ்கோடி வைத்திருக்கிற பிரவுசிங் சென்டரில்தான் இத்தனையும் நடந்தது. இவரைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து சேர, பதினாலு பேர் ஆனார்கள். லோடு ஏற்றுகிற பால்பாண்டி, தீப்பெட்டிக் கம்பெனி மாரிசெல்வி, தீ விபத்தில் கால் வெந்து இன்னமும் விந்தி நடக்கிற முனியராஜ் என்று எல்லாரும் கூலிவேலைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு. மற்ற நாளில் பதினாலு ஊரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொர்ணலட்சுமி வீட்டுக்குப் பஸ் ஏறுவார்.

போன தீபாவளி லோடெல்லாம் போய் முடிந்த கையோடு வந்தது வினை. அந்த விளையாட்டை நடத்திவந்த சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. 'உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி' என்று திரையில் போட்டார்கள். மகிழ்ச்சி யாருக்கு என்பது நாலாம் நாள் தெரிந்தது. பதினாலு ஊருக்கும் பூட்டு. ஒரே ஆசாமி பதினாலு பெயரில் விளையாடி ஏமாற்றுவதாகப் புதுக் கம்பெனி கண்டுபிடித்திருந்தது.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பதினாலும் ஒரே சென்டரின் ஒரே இன்டர்நெட் லைனிலிருந்து போகிறது. படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? தனுஷ்கோடி சொன்னபடி எல்லாரும் 'சிவகாசி' என்று போட்டிருந்தார்கள். அதோடு போயிற்றா? பதினொரு பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது, பிள்ளை மழைக்கு முந்திப் பிறந்ததா பிந்திப் பிறந்ததா என்றுதான் பெற்றவர்களுக்குச் சொல்லத் தெரியும். தலைமையாசிரியர் தோதாக ஒரு தேதியை எழுதிக்கொள்வார். இது நமக்குத் தெரியும், பெரிய கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

சொர்ணலட்சுமிக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு விளையாட்டுக்குப் போய் இம்புட்டு வருத்தமா என்று தனுஷ்கோடி கேட்டதும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. "வீட்டுல நான் ஒரு சம்பளம். பிரஸ்ல புலி போடுத ஆளு. அங்கன மட்டுந்தான் அண்ணே, நான் ஒண்ணு சொன்னா நடக்கும்" என்றார்.

மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பிரஸ்ஸில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் பதினாலு ஊர்ப் பெயரையும் கொட்டை எழுத்தில் அடித்தார். ஆளுக்கொன்றை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, சென்டர் வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஜூன் ஒன்றாம் தேதியின் கதையை இங்கிலீஷில் எழுதினார். அனுப்பினார். பதில் இல்லை. திரும்ப அனுப்பினார். மூன்றாவது தடவைதான் பதில் வந்தது.

நீங்கள் பதினாலு பேர்தான், ஒப்புக்கொள்கிறோம் என்றது கம்பெனி. ஆனால் புதுச் சட்டப்படி ஒரு லைனுக்கு ஓர் ஊர்தான். இந்த மாதக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஒவ்வொருவரும் வேறு வேறு லைனிலிருந்து தம் ஊருக்குள் நுழைய வேண்டும், நுழையாத ஊர் அழிக்கப்படும்.

ஆமத்தூர் இரண்டுதான் பெரிய ஊர், அதை மட்டும் வைத்துக்கொள்வோம், நாங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று பால்பாண்டி பெரிய மனசோடு சொன்னார். சொர்ணலட்சுமி அவரை முறைத்தார். "ஒரு ஊரை வச்சு நான் யாருக்கு நாட்டாமை பண்ண? ஒருத்தரு ஊரும் போகக் கூடாது. பஸ்ஸுதான் ஓடுதுல்ல?"

நாலு சாயங்காலம் அலைந்தார். சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர், சாத்தூர் என்று சென்டர் சென்டராக ஏறி இறங்கினார். இது யார் லைன், பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்ததா என்று துருவித் துருவிக் கேட்டதில், வரித்துறை ஆளோ என்று ஒரு கடைக்காரர் பயந்தே போனார். கடைசியில் ஒரு பட்டியல் போட்டார். நடக்க முடியாத முனியராஜுக்குத் தனுஷ்கோடி சென்டர். சாத்தூரில் அக்கா வீடு இருப்பதால் மாரிசெல்விக்குச் சாத்தூர். எல்லாருக்கும் தோதாகப் பிரித்துக் கொடுத்தபின் மிஞ்சியது ஏழாயிரம்பண்ணை. அதற்குத் தன் பெயரை எழுதிக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் மற்றவர் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஏழாயிரம்பண்ணையில் இறங்குவதற்குள் ஒன்பது மிஸ்டு கால் வந்துவிட்டது. சென்டரில் போய் உட்கார்ந்தபோது பதினொன்று. நாலரைக்குப் பன்னிரண்டு. மாரிசெல்வி பாக்கி. அந்தப் பிள்ளை நுழைந்தபிறகுதான் தான் நுழைவது என்று சொர்ணலட்சுமி மவுஸைத் தொடாமல் இருந்தார். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐந்தே காலுக்கு மாரிசெல்வி நிஜமாகவே கூப்பிட்டுப் பேசினார். சாத்தூர் முழுக்கக் கரண்டு இல்லை, எந்தக் கடையிலும் மிஷின் ஓடவில்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. "விடுங்கக்கா. என் ஊரு சின்ன ஊருதான. நீங்க உள்ள போங்க."

மாரிசெல்வியின் ஊர் உண்மையிலேயே சின்னது. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, போன வாரம்தான் களஞ்சியத்துக்குக் கூரை போட்டிருந்தார். சொர்ணலட்சுமி போனை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்காலும் ஆயிற்று. பதினாலு பேரில் யார் பாஸ்வேர்டை மறந்தாலும் கேட்பது அவரைத்தான், பதினாலும் அவருக்கு மனப்பாடம். முன்னால் இருந்ததோ ஒரே ஒரு லைன், அதில் ஓர் ஊருக்குத்தான் இடம்.

ஆறாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு மாரிசெல்வியின் பெயரை அடித்தார். பாஸ்வேர்டையும் அடித்தார். புதுக்கூரை போட்ட களஞ்சியம் திரையில் வந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போனை எடுத்து, மாரிசெல்வியின் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்.